தகரத் தட்டுச் சத்தம்

அன்புள்ள ஐயாவுக்கு,

போன கிழமை நீங்கள் எழுதிய ட்ரம் அன்ட் பேஸ் என்ற வேகமான ஆட்ட இசை பற்றிய குறிப்பை வாசித்துவிட்டு, நீங்கள் சொன்ன அல்பங்களில் இரண்டை என் போனில் போட்டுக் கேட்டேன். குறை நினைக்கவேண்டாம். குசினியில் யாரோ தகரத் தட்டுகளை அடுக்கோடு கீழே போட்டதுபோல இருந்தது. நடுவில் ஒரு பிள்ளை பாடுகிறாள், பாவம், அவளும் அதற்குள் அகப்பட்டுக்கொண்டாள். எனக்கு 54 வயது. மகன் போட்டுத் தரும் சில்-அவுட் என்ற ஆறுதலான இசை பிடிக்கும், உடுப்பு அயர்ன் பண்ணும்போது கேட்பேன். இதில் மட்டும் ஏன் இவ்வளவு அவதி? அதோடு, இந்தப் பாட்டுகளில் எக்கச்சக்கமானவை ஒரே பழைய ட்ரம் துண்டை வெட்டி ஒட்டிச் செய்தவை என்கிறான் மகன். அது களவு இல்லையா?

ர., கொட்டாஞ்சேனை

அன்புள்ள ர.,

போனில் கேட்டீர்கள் என்கிறீர்கள். சிக்கலில் முக்கால்வாசி அங்கேதான். இந்த இசையின் பேஸ், அதாவது அடியில் ஓடும் தாழ்ந்த ஒலி, 40, 50 ஹெர்ட்ஸ் அளவில் ஓடுவது. நகக்கண் அளவு போன் ஸ்பீக்கரால் அந்த ஒலியை எழுப்பவே முடியாது. பெயரில் இரண்டு பேர் இருக்கிறார்கள், உங்கள் வீட்டுக்கு வந்தது ட்ரம் மட்டும். தனியாக வந்தால் அவர் தகரத் தட்டுத்தான்.

வேகத்தைப் பற்றி. கோயிலில் தவில் சமா நடக்கும்போது பக்கத்தில் தாளம் போடுகிறவரைப் பார்த்திருப்பீர்கள். தவில்காரர் மேல்காலத்தில் பொரிந்து தள்ளுவார், தாளக்காரர் வெற்றிலையை மென்றபடி ஆறுதலாகத் தட்டிக்கொண்டிருப்பார். இரண்டும் ஒரே கணக்கு. ட்ரம் அன்ட் பேஸில் ட்ரம் நிமிடத்துக்கு 174 அடி என்றால், பேஸ் பெரும்பாலும் அதில் பாதியில், 87இல் நடக்கும். 87 என்பது அவசரமில்லாத நடை. நீங்கள் தவிலைத் துரத்திக்கொண்டு ஓடியிருக்கிறீர்கள். தாளக்காரருக்குப் பக்கத்தில் போய் இருங்கள்.

இது எனக்குப் புத்தகத்தில் விளங்கியதில்லை, ஓட்டோவில் விளங்கியது. சில வருடங்களுக்கு முன், நல்ல மழை, பம்பலப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தைக்கு மரைன் டிரைவால் வந்துகொண்டிருந்தேன். பின் சீட்டுக்குக் கீழே ஊஃபர், அதாவது பேஸ் ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர் பெட்டி, பூட்டிய ஓட்டோ. உங்களுக்கும் தெரிந்திருக்கும், வண்டியின் விலையில் பாதி அந்தப் பெட்டிக்குள் இருக்கும். பைலா ரீமிக்ஸ் ஓடியது. டிரைவர் தம்பியிடம் கேட்டு என் போனை புளூடூத்தில் இணைத்து, ரோனி சைஸும் ரெப்ரசென்ட் குழுவும் செய்த 'நியூ ஃபோர்ம்ஸ்' அல்பத்தைப் போட்டேன். 1997இல், ஆண்டின் சிறந்த அல்பத்துக்கு பிரிட்டனில் கொடுக்கும் மேர்க்குரி பரிசை வாங்கிய ட்ரம் அன்ட் பேஸ் அல்பம். அதில் 'பிரவுன் பேப்பர் பேக்' என்ற பாட்டு, ஆளுயர டபுள் பேஸ் ஒன்றைக் கையால் மீட்டுவதோடு தொடங்கும். வருடக்கணக்காகக் கேட்ட பாட்டு. அன்றைக்குத்தான் அது சீட்டுக்குள்ளால் ஏறி முதுகெலும்பில் நின்றது. மீற்றருக்குக் கீழே தட்டத்தில் கிடந்த ஐந்து ரூபாய்க் குற்றி ஒவ்வொரு பேஸ் அடிக்கும் ஒரு நூல் நகர்ந்தது. தம்பி திரும்பி, "அண்ணே, இது நல்லா பெட்டிக்கு வேலை குடுக்குது" என்றான். இதைவிடச் சரியான விமர்சனத்தை நான் எழுதியதில்லை.

இனிக் களவு. மகன் சொன்னது உண்மைதான். அந்தத் துண்டு 'ஆமென் பிரேக்'. த வின்ஸ்டன்ஸ் என்ற அமெரிக்கக் குழு 1969இல் வெளியிட்ட இசைத்தட்டின் பின்பக்கத்துப் பாட்டு 'ஆமென், பிரதர்'. நடுவில் எல்லாரும் ஓய, கிரெகரி கோல்மன் தனியே ட்ரம் அடிப்பார். நாலே நாலு தாளச் சுற்று, ஏழு விநாடி. இப்படி ட்ரம் தனித்து நிற்கும் இடத்துக்குத்தான் பிரேக் என்று பெயர், பிரேக்பீட் என்ற சொல்லும் அதிலிருந்து வந்தது. 1973இல் நியூயோர்க்கின் பிரொங்ஸில் கூல் ஹேர்க் என்ற டீஜே, ஆட்டக்காரர் காத்திருந்த அந்தத் தனியை நீட்டத் தொடங்கினார். பிறகு அதற்காக ஒரே இசைத்தட்டில் இரண்டு பிரதி வைத்து மாற்றி மாற்றிப் போட்டார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் லண்டன் பெடியள் அதே பிரேக்குகளை, ஒலித்துண்டைப் பதிந்து திருப்பிப் போடும் சாம்பிளர் என்ற கருவியில் ஏற்றி, ஒவ்வொரு அடியாக நறுக்கி, வேகம் கூட்டி, வேறு வரிசையில் கோத்தார்கள். அதுதான் ஜங்கிள், அதன் வழியில் ட்ரம் அன்ட் பேஸ்.

நறுக்கிக் கோத்தது கலை. அதில் எனக்குச் சந்தேகமில்லை. காசு கொடுக்காததுதான் பிழை. ஆயிரக்கணக்கான பாட்டுகளில் தன் கை ஒலிக்க, கோல்மன் 2006இல் வறுமையில் செத்துப்போனார். குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்காக 2015இல் ஒரு பிரித்தானிய டீஜே இணையத்தில் தண்டல் வைத்து 24,000 பவுண் சேர்த்துக் கொடுத்தார். நல்ல காரியம். ஆனால் அதுவும் தானம், உரிமைப் பணம் இல்லை. ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில், ஓம், பாதிக்குப் பாதி.

சில்-அவுட் பிடிக்கும் என்கிறீர்கள். அதுவும் இதே வீட்டுப் பிள்ளைதான். விடிய விடிய ஆடிக் களைத்தவர்கள் வந்து சாய, லண்டன் கிளப்புகளில் பக்கத்து அறை ஒன்று இருக்கும், அங்கே போட்ட இசை அது. முன் அறையில் ஆட்டம் இருந்ததால் பின் அறைக்குப் பொருள் இருந்தது. இப்போது கொழும்பு 7 கோப்பிக் கடைகளில் ஓடுவதில் பெரும்பகுதி, ஆடாதவர்களுக்கான ஓய்வு. சுவருக்குப் பூசும் நிறம்போல. அயர்ன் பண்ண அது போதும், குறை சொல்லவில்லை.

நீங்கள் கேட்ட அந்தப் பாடும் பிள்ளை நியா ஆர்கைவ்ஸ் என்று நினைக்கிறேன். 2024இல் வந்த 'சைலன்ஸ் இஸ் லவுட்', அவருடைய முதல் முழு அல்பம், அதுவும் மேர்க்குரி இறுதிப் பட்டியலுக்குப் போனது. அவர் அகப்பட்டுக்கொண்டு நிற்கவில்லை. கூட்டத்துக்குள் தனியாக நிற்பதைப் பற்றித்தான் பாடுகிறார், ட்ரம்தான் அந்தக் கூட்டம். கிழமைக்குக் கிழமை வெள்ளியில் வரும் புது வெளியீடுகளை இப்போதைக்கு மகனிடமே விடுங்கள். இந்த ஒன்றை மட்டும், அவனுடைய காதை முழுக்க மூடும் பெரிய ஹெட்போனை வாங்கி, ஒருமுறை கேளுங்கள். முதல் இரண்டு பாட்டுக்கு ட்ரம்மைக் கவனிக்காதீர்கள். 87க்குக் காலைத் தட்டுங்கள்.

ஹெட்போன் தரமாட்டேன் என்றால் ஓட்டோ பிடியுங்கள், ஊஃபர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு ஏறுங்கள்.