வெள்ளைப் பசையில் சோப்புத் திரவம் கலக்கலாமா?

கேள்வி: எங்கள் வீட்டில் தேக்கில் சாப்பாட்டு மேசை செய்கிறார்கள். தேக்கில் பசை சரியாகப் பிடிக்காது என்று சொல்லித் தச்சர் வெள்ளைப் பசையில் தண்ணீரும் பாத்திரம் கழுவும் திரவத்தில் சில துளிகளும் கலக்கிறார். பசை நன்றாகவே பரவுகிறது. இதை அனுமதிக்கலாமா?

பதில்: வேண்டாம். தச்சர் சொல்லும் சிக்கல் உண்மையானதுதான். தேக்கின் இயல்பான எண்ணெய்ப் பிசுக்கின் மேல் தண்ணீர் கலந்த பசை எளிதில் பரவாது. சோப்புத் திரவத்திலுள்ள சர்ஃபாக்டன்ட் தண்ணீரின் பரப்பு இழுவிசையைக் குறைப்பதால் பசை பரவுகிறது. ஆனால் பரவுவது வேறு, பிடிப்பது வேறு.

வெள்ளைப் பசை என்பது பாலிவினைல் அசிடேட் நுண்துகள்கள் தண்ணீரில் மிதக்கும் பால்மம். துகள்கள் திரண்டுவிடாமல் இருக்கப் பாலிவினைல் ஆல்கஹாலையும், சில வகைகளில் சிறிதளவு சர்ஃபாக்டன்டையும் தயாரிப்பாளரே அளவாகச் சேர்க்கிறார். தண்ணீர் வற்றியதும் துகள்கள் நெருங்கி இணைந்து உறுதியான படலமாகின்றன. சர்ஃபாக்டன்டோ ஆவியாகாமல் அங்கேயே தங்கிவிடுகிறது. அது அளவுக்கு மிஞ்சினால் படலத்தை இளக்கும், அல்லது மரமும் பசையும் சேரும் இடத்துக்கு நகர்ந்து வலுவற்ற மெல்லிய அடுக்காகப் படியும். ஈரத்துணியால் நாள்தோறும் துடைக்கப்படும் சாப்பாட்டு மேசையில் தண்ணீரை உள்ளே இழுக்கவும் செய்யும். கலக்கும்போது எழும் நுரை, இணைப்புக்குள் காற்றுக் குமிழிகளையும் விட்டுச்செல்லக்கூடும்.

ஒட்டும் பரப்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். இழைத்துப் பல நாளான தேக்கில் அது முத்தாகத் திரண்டு நிற்கும். அதே இடத்தை உப்புத்தாளால் தேய்த்துத் தூசி துடைத்தபின் விட்டால் தட்டையாகப் படர்ந்து ஊறும். ஆகவே இழைத்த அன்றே, தேவையானால் அசிட்டோன் தோய்த்த துணியால் துடைத்து உலரவிட்டு, எதுவும் கலக்காத பசையைத் தடவிக் கிளாம்ப் போட்டு இறுக்கச் சொல்லுங்கள்.

வாங்கும்போது, ஐரோப்பியத் தர அளவான ஈஎன் 204-இன்படி டி3 என்று குறிக்கப்பட்ட பசையைக் கேளுங்கள். அந்தத் தரத்துக்கு, ஒட்டி 7 நாள் உலர்ந்த துண்டுகளை 4 நாள் தண்ணீரில் ஊறவைத்த பின்னும் சதுர மில்லிமீட்டருக்கு 2 நியூட்டனாவது தாங்க வேண்டும்.

ஏற்கெனவே ஒட்டிய இணைப்பு ஏதேனும் விட்டுப்போனால், பழைய பசையை மரம் தெரியும்வரை சுரண்டிய பிறகே மறுபடி ஒட்ட வேண்டும். காய்ந்த பசைப் படலத்தின் மேல் புதுப் பசை சரியாகப் பிடிக்காது.