305-இல் முகடு தெரிகிறது, படலம் டெட்ராகோனல்தானா?

கேள்வி: சிலிக்கான் தகட்டின் மேல் சால்-ஜெல் (கரைசலைப் பூசிச் சூடாக்கும்) முறையில் 200 நானோமீட்டர் பேரியம் டைட்டனேட் படலம் பூசியிருக்கிறேன். எக்ஸ்-கதிர் அளவீட்டில் 002, 200 என்ற படிகத் தளங்களின் முகடுகள் பிரியவில்லை. ராமன் நிறமாலையில் (சிதறும் லேசர் ஒளியிலிருந்து அணு அதிர்வுகளைக் காட்டுவது) 305, 520 செ.மீ⁻¹ இரண்டிலும் முகடு இருக்கிறது. டெட்ராகோனல் (ஓர் அச்சு மட்டும் மற்றவற்றைவிடச் சற்று நீண்ட படிக அமைப்பு) என்று எழுதிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். அந்த இரண்டு இடங்களிலும் வெறும் சிலிக்கானே முகடு தரும். 521-இல் வருவது அதன் முதல்நிலை முகடு (ஒரே அதிர்வால் வருவது), 303-இல் வருவது இரண்டாம்நிலை முகடு (இரு அதிர்வுகள் சேர்ந்து வருவது). 532 நானோமீட்டர் லேசர் பேரியம் டைட்டனேட்டில் உறிஞ்சப்படாமல் நேரே தகடு வரை போய்விடுவதால், நீங்கள் பார்ப்பதில் எவ்வளவு படலத்தினுடையது என்று இப்போது சொல்ல வழியில்லை.

எக்ஸ்-கதிரில் முகடு பிரியாதது குறையல்ல. டெட்ராகோனல் நிலையில்கூட இரு அச்சுகளின் நீளமும் சுமார் 1 சதவீதமே வேறுபடும். துகள் சிறியதாக இருந்தால் முகடுகள் அகன்று ஒன்றோடொன்று கலந்துவிடும்.

முதலில், படலம் பூசாத அதே வகைத் தகட்டை அதே சூட்டில் பதப்படுத்தி, அதே லேசர் திறனில், அதே நேரம் அளந்து வையுங்கள். 940 முதல் 980 வரை சிலிக்கானுக்கு ஒரு மேடு உண்டு. பேரியம் டைட்டனேட்டுக்கு அங்கே எதுவும் இல்லை. அந்த மேடு இரண்டு நிறமாலையிலும் ஒரே உயரம் ஆகும்படி பெருக்கிவிட்டுக் கழியுங்கள். 521-இல் கழித்தல் சுத்தமாக வராது. முகடு கூர்மையானது என்பதால் அலைஎண் சற்று நகர்ந்தாலும் மிச்சம் நிற்கும். ஆகவே அந்த இடத்தை ஆதாரமாக எடுக்காதீர்கள்.

இதைவிட நம்பகமான வழி முனைவாக்கம், அதாவது ஒளியின் மின்புலம் அதிரும் திசையைக் கட்டுப்படுத்துவது. (100) தகடு என்றால் லேசரின் மின்புலத்தைத் தகட்டின் தட்டை விளிம்புக்கு இணையாக வைத்து, பகுப்பானை (சிதறிய ஒளியில் ஒரு திசையை மட்டும் விடும் வடிப்பான்) அதற்குச் செங்குத்தாகத் திருப்புங்கள். சிலிக்கானின் 521, 303 இரண்டுமே வெகுவாக அடங்கும். பல திசைத் துகள்கள் கொண்ட உங்கள் படலத்தின் 305 அடங்காது. 100 மடங்கு லென்ஸில் ஒளி அதிகச் சாய்வில் புகுந்து முனைவாக்கத்தைக் குலைக்கும். 50 மடங்கு போதும்.

இவ்வளவுக்குப் பிறகும் கூர்மையான 305 நின்று, 720 அருகே அகன்ற முகடும் கூடவே இருந்தால் டெட்ராகோனலுக்கு வலு சேர்கிறது. 260, 520 மேடுகளை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். கியூபிக் நிலைக்கு (மூன்று அச்சுகளும் சமமான அமைப்பு) விதிப்படி முதல்நிலை ராமன் முகடே கிடையாது. ஆனால் டைட்டானியம் அணுக்கள் ஆங்காங்கே மையம் விலகி நிற்பதால் அந்த அகன்ற மேடுகள் கியூபிக்கிலும் தெரியும். பலர் ஏமாறுவது இங்கேதான்.

கடைசிச் சோதனை சூடு. கட்டியான பேரியம் டைட்டனேட் 120 டிகிரி செல்சியஸ் அளவில் கியூபிக் ஆகும். படலத்தில் தகைவு காரணமாக இது நகரலாம். 200 டிகிரி வரை ஏற்றி இறக்குங்கள். ஏற்றும்போது 305 மறைந்து, இறக்கும்போது திரும்பி வந்தால் அது படலத்தின் முகடு. சிலிக்கானின் 303 அந்தச் சூட்டில் மறையாது. 190, 487 அருகே புதிதாக முகடு தெரிந்தால் ஆர்த்தோராம்பிக் (மூன்று அச்சுகளும் வெவ்வேறு நீளமுள்ள அமைப்பு) கலப்பைச் சந்தேகியுங்கள். 1060-இல் கூர்மையாக ஒன்று நின்றால் அது பேரியம் கார்பனேட். பதப்படுத்தல் முழுமை பெறவில்லை.

கேள்வி: 10 நானோமீட்டர் ஹாஃப்னியம் சிர்கோனியம் ஆக்சைடு படலத்தில் ஆர்த்தோராம்பிக்கா டெட்ராகோனலா என்று ராமன் சொல்லுமா?

பதில்: சாதாரணக் கருவியில் நம்ப வேண்டாம். படலம் மெல்லியது, பட்டை இடைவெளியோ (ஒளியை உறிஞ்சத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல்) 5 எலெக்ட்ரான் வோல்ட்டுக்கும் மேல். கண்ணுக்குத் தெரியும் லேசருக்குக் கிடைக்கும் சமிக்ஞை மிகக் குறைவு. மேலும் கீழே உள்ள டைட்டானியம் நைட்ரைடு மின்முனையின் அகன்ற பட்டைகள் அதையும் மூடிவிடும். சாய்கோண எக்ஸ்-கதிரில் 28.5, 31.6 டிகிரி முகடுகளைப் பார்த்தால் மோனோகிளினிக் (ஓர் அச்சு சாய்ந்த அமைப்பு) எவ்வளவு கலந்திருக்கிறது என்று தெரியும். இது செம்பு மூலத்துக்கான கணக்கு. 30.5-இல் மற்ற இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்பதால், அந்த ஒற்றை முகட்டை ஆர்த்தோராம்பிக் என்று பெயரிடுவது சரியல்ல. ஆக்சிஜன் கே-விளிம்பு எக்ஸ்-கதிர் உறிஞ்சல் உதவும், ஆனால் அதற்கு சிங்க்ரோட்ரான் (வலிமையான எக்ஸ்-கதிர் தரும் பெரிய முடுக்கி) வேண்டும். கைக்கெட்டும் ஆதாரம் மின்முனைவு அளவீடு. ஒரே திசையில் இரண்டு மின்னழுத்தத் துடிப்புகள் கொடுத்து, முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழியுங்கள். அப்படிக் கழிக்காத மின்முனைவு-மின்புல வளையத்தில் கசிவு மின்னோட்டமும் ஃபெர்ரோஎலெக்ட்ரிக் (மின்புலத்தால் திருப்பக்கூடிய நிலையான மின்முனைவு) போலவே தோன்றும்.

கேள்வி: லேசர் திறன் எவ்வளவு வைப்பது?

பதில்: மாதிரி மேல் 1 மில்லிவாட்டில் தொடங்குங்கள். அடுத்து பத்தில் ஒரு பங்கில் ஒருமுறை அளந்து ஒப்பிடுங்கள். முகடு நகர்ந்தாலோ அகன்றாலோ படலம் சூடாகிறது என்று பொருள். லெட் டைட்டனேட் என்றால் 88 செ.மீ⁻¹ அருகிலுள்ள மென்முறை முகட்டைக் (நிலை மாற்றத்தை நெருங்கும்போது தளரும் அதிர்வு) கவனியுங்கள். சூடு ஏற ஏற அது கீழே இறங்கும். சமிக்ஞை போதவில்லையென்றால் திறனை ஏற்றாமல் அளவிடும் நேரத்தை நீட்டுங்கள்.