காசு கொடுத்து வாங்கிய கேமுக்கு நெட் எதற்கு?

பள்ளிக்கூடம் லீவு விட்டால் இந்தக் கேள்வி-பதில் பகுதிக்கு வரும் கேள்விகளின் முகமே மாறிவிடும். மிக்சியும் வாஷிங் மெஷினும் பின்னால் போய், பிளேஸ்டேஷன் முன்னால் வந்து நிற்கும். இந்த முறை வந்தவற்றில் பாதி, கிரான் டூரிஸ்மோ என்ற ஒரே கார் பந்தய கேமைப் பற்றியவை. நம் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் இதற்கு இவ்வளவு ரசிகர்களா என்று எனக்கு ஆச்சரியம் வரவில்லை. வேலந்தாவளம் செக்போஸ்டைத் தாண்டினால் கோவை. செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. 2005-ல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயன், கோவைக்காரர். எஞ்சின் சத்தம் கேட்டு வளர்ந்த பையன்கள் கையில் ரிமோட்டைக் கொடுத்தாலும் அதைத்தானே தேடுவார்கள்!

கேள்வி: அண்ணா, நான் ஆறாவது படிக்கும்போது துபாய் மாமா கொண்டுவந்த பிளேஸ்டேஷன் 2-ல் கிரான் டூரிஸ்மோ 4 ஆடியவன். கரண்ட் இருந்தால் போதும், விடிய விடிய ஓட்டுவோம். இப்போது சொந்தக் காசில் பிளேஸ்டேஷன் 5-ம் (பிஎஸ்5) கேமின் ஏழாவது பாகமும் வாங்கினேன். நெட் போனால் கேமில் முக்கால்வாசி திறக்கவில்லை. ஆசைப்பட்ட கார் 2 கோடி கிரெடிட், அதாவது கேம் காசு, என்கிறது. ஓட்டிச் சேர்க்கப் பொறுமை இல்லையென்றால் நிஜப் பணம் கட்டச் சொல்கிறது. கேம் தரும் ரவுலட் என்ற குலுக்கல் சீட்டில் எனக்கு விழுவது எப்போதும் ஆகச் சின்னப் பரிசுதான். இது ஏமாற்று வேலை இல்லையா? கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போகலாமா?
(கொழிஞ்சாம்பாறை வாசகர்)

பதில்: தம்பி, கோபம் நியாயம்தான். வழக்குக்கு அது போதுமா என்பது வேறு கேள்வி.

முதலில் கோபத்தைப் பார்ப்போம். இந்தத் தொடர் 1997 டிசம்பரில் ஜப்பானில் தொடங்கியது. அன்றிலிருந்து ஒவ்வொரு பாகத்திலும் ரசிகர்கள் ஒரு பக்கம் கொண்டாடி, மறுபக்கம் புலம்பித்தான் வந்திருக்கிறார்கள். நீங்கள் ஆடிய நாலாவது பாகம் 2004-ல் வந்தது. அடுத்ததற்கு ஆறு வருடம் காக்கவைத்தார்கள். 2010-ல் ஐந்தாவது பாகம், ஆயிரம் கார் என்று வந்தது. எண்ணிப் பார்த்தால் ஏறக்குறைய 800 கார் பழைய பாகத்திலிருந்து அப்படியே தூக்கிவந்தவை. உள்ளே உட்கார்ந்து ஓட்டும் காட்சிகூட அவற்றுக்கு ஒழுங்காக இல்லை. 2013-ல் ஆறாவது பாகம், நிஜப் பணத்துக்கு கிரெடிட் விற்கும் கடையைத் திறந்தது. 2017-ல் வந்த கிரான் டூரிஸ்மோ ஸ்போர்ட், தனியாக ஆடுகிறவனுக்கு ஒழுங்கான பந்தயத் தொடரே இல்லாமல் வெளியானது. அதை அப்டேட்டில் சேர்த்தது அந்த டிசம்பரில்தான்.

ஏழாவது பாகம் வெளியானது 2022 மார்ச் 4. பத்திரிகைக்காரர்கள் முன்கூட்டியே ஆடி மார்க் போட்டபோது பணம் கட்டும் கடை திறந்திருக்கவில்லை. மார்க் வந்த பிறகு கடை திறந்தது. இரண்டு வாரத்தில் ஒரு அப்டேட். அதில் சில பந்தயங்களின் பரிசுத் தொகையைக் குறைத்தார்கள். அதே அப்டேட்டில் ஏதோ கோளாறாகி சர்வர் 30 மணி நேரத்துக்கு மேல் முடங்கியது. உலகம் முழுவதும் காசு கொடுத்து வாங்கியவர்கள், வீட்டில் தனியாக ஓட்டும் பந்தயத்தைக்கூடத் தொட முடியாமல் உட்கார்ந்திருந்தார்கள். கேமை உருவாக்கிய கசுனோரி யமாவுச்சி மன்னிப்புக் கேட்டார். ஆளுக்கு 10 லட்சம் கிரெடிட் இலவசமாகக் கொடுத்தார்கள். ஏப்ரலில் பரிசுகளை ஏற்றினார்கள். ரசிகர்கள் சத்தம் போட்டதால் நடந்தது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அந்த நேரத்துக் கணக்கு இது: அமெரிக்காவில் 20 லட்சம் கிரெடிட் 20 டாலர். அப்படியானால் 2 கோடி கிரெடிட் காருக்கு 200 டாலர். கேமின் விலையைப் போல மூன்று மடங்கு, ஒரே ஒரு காருக்கு! அதுவும் தொட்டுப் பார்க்க முடியாத கார்.

நெட் எதற்கு என்கிறீர்கள். நீங்கள் ஆடிச் சேர்த்த கார், கிரெடிட் கணக்கெல்லாம் அவர்கள் சர்வரில் இருக்கிறது. யாரும் கிரெடிட்டைத் திருட்டுத்தனமாக ஏற்றிக்கொள்ளக் கூடாது என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். நெட் இல்லாவிட்டால் பாட்டோடு ஓட்டும் மியூசிக் ராலியும், சும்மா ஓட்டிப் பார்க்கும் ஆர்கேடில் கொஞ்சமும் மட்டும் ஓடும். கேமை முன்னே நகர்த்தும் கஃபே, ஓட்டத் தெரியுமா என்று பார்க்கும் லைசென்ஸ், கார் வாங்குவது எல்லாம் பூட்டிக்கொள்ளும். வழக்கு என்று போனால் உங்களுக்கு எதிராக நிற்பதும் இதேதான்: நெட் வேண்டும் என்பதை வெளியாகும் முன்பே, 2021-லேயே, வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்கள். மறைத்து விற்றால் அது நேர்மையற்ற வணிகம். சொல்லிவிட்டு விற்றால், பிடிக்காத பொருள். சினிமா மொக்கையாக இருந்தால் டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்க முடியாதது மாதிரிதான்.

ஒரு இடத்தில் மட்டும் எனக்குக் கை அரிக்கிறது. கேமுக்குள் இருக்கும் பழைய கார் கடையில் 'இருப்பு குறைவு' என்று ஒட்டி, சில நாளில் காரைத் தூக்கிவிடுகிறார்கள் அல்லவா? 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், இணைய வணிகத்தில் ஆளை மயக்கும் 13 தந்திரங்களைத் தடைசெய்து வழிகாட்டுதல் கொண்டுவந்தது. 'சீக்கிரம் வாங்கு, தீர்ந்துவிடும்' என்று பொய் அவசரம் காட்டுவது அதில் ஒன்று. கேம் காசுக்கு விற்கும் காருக்கு அது பொருந்துமா என்று வாதாடலாம். உங்கள் செலவில் வாதாடச் சொல்ல எனக்கு மனசில்லை.

அந்தக் காருக்குப் பணம் கட்டாதீர்கள். பிரான்சின் லெ மான் ஓடுதளத்தில் 700 பிபி (காரின் திறனுக்குக் கேம் போடும் மார்க்) வரை உள்ள கார்களுக்கு 30 நிமிடப் பந்தயம் இருக்கிறது. எங்கும் இடிக்காமல் ஜெயித்தால் 8 லட்சத்து 25 ஆயிரம். அதை 25 முறை ஓட்டினால் 2 கோடி தாண்டிவிடும். பன்னிரண்டரை மணி நேரம். ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு என்று வைத்தால் மூன்று மாதம். ரவுலட்டைப் பற்றி ஆறுதல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. ஒரு நாளில் 42.195 கிலோமீட்டர் ஓட்டினால் ஒரு சீட்டு தருகிறார்கள், மாரத்தான் தூரம். ஓடி முடித்தவனுக்கு எலுமிச்சம்பழம் கொடுத்த கதை.

கேள்வி: சார், என் பையன் பிளேஸ்டேஷனுக்கு ஸ்டீயரிங் கேட்டான். கோவையில் ஒரு கடையில் கேட்டேன். 'எல்லா கேமுக்கும் செட்டாகும்' என்று லாஜிடெக் ஜி920 கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து மாட்டினால் பிளேஸ்டேஷன் அதை ஆளாகவே மதிக்கவில்லை. கடைக்காரர் 'பொருளில் குறை இல்லை, பில்லைப் பாருங்கள்' என்கிறார். பில்லின் கீழே 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று அச்சடித்திருக்கிறது. நாங்கள் கேரளா, கடை தமிழ்நாடு. எங்கே போய்க் கேட்பது?
(வேலந்தாவளம் வாசகி)

பதில்: இதுதான் உண்மையான குறை. இதை விடாதீர்கள்.

ஜி920 எக்ஸ்பாக்ஸுக்கும் கம்ப்யூட்டருக்கும் ஆனது. பிளேஸ்டேஷனுக்கு அதே நிறுவனத்தின் ஜி29. இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். வித்தியாசம் வேண்டுமென்றால் ஸ்டீயரிங்கின் மேல் உள்ள பொத்தான்களைப் பாருங்கள்: முக்கோணம், வட்டம், பெருக்கல், சதுரம் இருந்தால் அது பிளேஸ்டேஷன் வீல். ஏ, பி, எக்ஸ், ஒய் என்று எழுத்து இருந்தால் எக்ஸ்பாக்ஸ். ஜி923 வாங்கப் போனால் இன்னும் கவனம், ஒரே பெயரில் இரண்டு வகையும் வருகிறது.

பொருள் நன்றாக வேலை செய்கிறது என்று கடைக்காரர் சொல்வது சரி. ஆனால் உங்களுக்கு விற்கும்போது எதற்கு ஆகும் என்று சொன்னது தவறு. பொருளின் பயனைப் பற்றித் தவறாகச் சொல்லி விற்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிகம். பில்லின் கீழே உள்ள அந்த வரி அதற்குக் கவசம் ஆகாது. நீங்கள் 'பிளேஸ்டேஷனுக்கு வேண்டும்' என்று கேட்டதற்கு வாட்ஸாப்பில் ஒரு வரி இருந்தாலும் போதும். இல்லையென்றால் இப்போதே, 'நீங்கள் பிளேஸ்டேஷனுக்கு ஆகும் என்று சொல்லித் தந்த வீல்' என்று மரியாதையாக ஒரு மெசேஜ் போடுங்கள். அவர் 'ஆமாம், ஆனால்...' என்று ஆரம்பித்தால் உங்கள் வேலை முடிந்தது.

எங்கே போவது? எல்லையில் இருக்கும் நம்மவர்கள் எல்லோரும் இதைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். முன்பெல்லாம் கடை இருக்கும் ஊருக்கோ, சம்பவம் நடந்த ஊருக்கோதான் போக வேண்டும். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த இந்தச் சட்டத்தில், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கோவைக் கடைமேல் பாலக்காட்டில் வழக்கு. வாங்கிய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமும் கிடையாது. குறை ஏற்பட்டதிலிருந்து இரண்டு வருடம் அவகாசம். அதற்கு முன்னால் 1915-க்கு ஒரு போன் போடுங்கள், அது தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். பெரும்பாலும் அந்தப் புகார் எண்ணைக் காட்டினாலே மாற்றிக் கொடுத்துவிடுவார்கள்.

ஜி29 கைக்கு வந்ததும் இன்னொன்று. அதன் பிரேக் மிதிக்குள் கெட்டியான ரப்பர் கட்டை ஒன்று இருக்கும், நன்றாக அழுத்த வேண்டும். என் அக்கா பையன் வீட்டு டைல்ஸ் தரையில் வைத்து மிதித்தான். பெடல் வண்டி மாதிரி வழுக்கிப் போய் டிவி ஸ்டாண்டில் முட்டி நின்றது. சுவரை ஒட்டி வையுங்கள், அல்லது அடியில் பழைய கயிற்று மிதியடியைப் போடுங்கள். கியர் மாற்றும் கம்பி தனியாக விற்கிற சாமான், பெட்டிக்குள் தேடி ஏமாற வேண்டாம்.

கேள்வி: சவுதியிலிருந்து வரும் சித்தப்பா பிஎஸ்5-ம் கிரான் டூரிஸ்மோ டிஸ்கும் கொண்டுவருவதாகச் சொல்கிறார். இங்கே ஓடுமா?
(மீனாட்சிபுரம் வாசகர்)

பதில்: ஓடும். டிஸ்கைப் பிளேஸ்டேஷன் நாடு பார்த்து மறுக்காது. கரண்டும் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும். பிளக் மட்டும் வேறு வடிவமாக இருக்கலாம். எட்டு வடிவ ஓட்டை உள்ள சாதாரண ஒயர்தான், ரேடியோ ரிப்பேர் கடையிலேயே கிடைக்கும். இரண்டு விஷயம் மட்டும்: அங்கே வாங்கியதற்கான வாரண்டி இங்கே உதவாது. அப்புறம், டிஸ்க் எந்த நாட்டுப் பதிப்போ, காசு கொடுத்து இறக்கும் கூடுதல் சாமான்களும் அதே நாட்டுக் கடையிலிருந்து வர வேண்டும். உங்கள் கணக்கு இந்தியாவில் திறந்ததாக இருந்தால் சிலது ஒட்டாது. கணக்கின் நாட்டைப் பின்னால் மாற்றவும் முடியாது.

கேள்வி: டெலிகிராமில் ஒருவர் 700 ரூபாய்க்கு ஏழாவது பாகத்தின் 'ஐடி' தருகிறார். வாங்கலாமா?
(எருத்தேன்பதி வாசகர்)

பதில்: வேண்டாம். அவர் விற்பது கேமை அல்ல, தன் கணக்கின் சாவியை. நாளைக்கு அவரே பாஸ்வேர்டை மாற்றினால் உங்கள் 700-ம் போச்சு, நீங்கள் ஓட்டிச் சேர்த்த கார்களும் போச்சு. பில் இல்லை, முகவரி இல்லை, யார்மேல் புகார் கொடுப்பது? அதற்குப் பதில் பழைய டிஸ்க் வாங்குங்கள். ஏழாவது பாகத்தில் ஒருவர் ஆடி விற்ற டிஸ்க் இன்னொருவருக்கும் முழுசாக ஓடும். ஆடி முடித்தால் நீங்களும் விற்கலாம். டிஜிட்டலாக வாங்கினால் அந்த வசதி கிடையாது. டவுன்லோட் தொடங்காமல் இருந்தால் 14 நாளுக்குள் பணம் திரும்ப வரும், பட்டனை அழுத்திவிட்டால் அவ்வளவுதான்.

கேள்வி: பொள்ளாச்சியில் கிரான் டூரிஸ்மோ ஸ்போர்ட் பழைய டிஸ்க் 400 ரூபாய்க்குக் கிடைக்கிறது. சர்வரை மூடிவிட்டார்கள் என்கிறார்களே, வெறும் தட்டுதானா? என்னிடம் பிஎஸ்4 தான் இருக்கிறது.
(கொழிஞ்சாம்பாறை, இன்னொரு வாசகர்)

பதில்: 2024 ஜனவரி 31-ல் ஆன்லைன் சேவையை நிறுத்தியது உண்மை. ஆனால் மூடும் முன் ஒரு அப்டேட் விட்டு, தனியாக ஆடும் பகுதிகளை நெட் இல்லாமலே ஓடவைத்துவிட்டுப் போனார்கள். எல்லோரும் இப்படிச் செய்வதில்லை. யுபிசாஃப்ட் நிறுவனத்தின் 'தி க்ரூ' என்ற கார் கேமை அதே 2024 மார்ச்சில் மூடினார்கள், தனியாக ஓட்டுவதும் சேர்ந்து செத்தது. டிஸ்க் வைத்திருப்பவர்கள் அதைச் சுவரில்தான் மாட்ட வேண்டும்.

அதனால் 400 கொடுக்கலாம். வாங்கியதும் முதல் வேலையாக நல்ல நெட் உள்ள இடத்தில் அப்டேட்டை முழுசாக இறக்கிக்கொள்ளுங்கள். டிஸ்கில் உள்ள 2017-ன் பழைய பதிப்பு நெட்டைக் கேட்டுக்கொண்டே இருக்கும். எதிரில் ஓடும் கம்ப்யூட்டர் கார்கள் கொஞ்சம் மந்தம்தான், கோவில் தேர் மாதிரி ஒரே வரிசையில் போகும். அதைச் சரிசெய்ய சோபி என்ற செயற்கை நுண்ணறிவு ஓட்டுநரை ஏழாவது பாகத்தில் சேர்த்தார்கள், அதுவும் பிஎஸ்5-ல் மட்டும். பிஎஸ்4 வைத்துக்கொண்டு அதற்காக ஏழாவது பாகத்துக்குச் செலவழிக்காதீர்கள். விற்பவரிடம் டிஸ்கை வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டச் சொல்லிப் பாருங்கள். நடுவிலிருந்து விளிம்புக்கு ஓடும் கீறலைவிட, வட்டத்தோடு சுற்றிப் போகும் கீறல் மோசம். அப்படி ஒன்று இருந்தால் 400 அதிகம்.