300 டாலர் பிஸ்டலும் கிரீன் கார்டும்

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இதே நிலையில் இருக்கும் வேறு சிலருக்கும் பயன்படும். அக்கா போட்ட மனு பல ஆண்டுகள் கழித்துக் கனிந்து, கிரீன் கார்டோடு ஹூஸ்டன் வந்திருக்கிறீர்கள். மனைவியும் குழந்தைகளும் இன்னும் திருநெல்வேலியில். கேட்டி என்ற புறநகர்ப் பக்கம் ஒரு பெட்ரோல் பங்க் கடையில் இரவு வேலை. எச்-1பி விசாவில் இருக்கும் இரண்டு இளைஞர்களோடு அபார்ட்மெண்டில் தங்கியிருக்கிறீர்கள். கூட வேலை பார்ப்பவர் தன் டாரஸ் ஜி3சி பிஸ்டலைக் காட்டி, 300 டாலருக்குள் கிடைக்கும், சட்டைக்குள் மறைத்துத் தினமும் வைத்துக்கொள்ளலாம், டெக்சஸில் உரிமம்கூட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். அவ்வளவு மலிவான பிஸ்டலை நம்பலாமா என்று கேட்கிறீர்கள்.

சோதித்துப் பார்த்துவிட்டு நம்பலாம். ஆனால் உங்களுக்கு யோசனை சொன்னவர் இங்கே பிறந்த குடிமகன். அவர் சட்டத்தை மீறினால் அபராதமோ சிறையோ, அதோடு முடிந்தது. ஆயுதக் குற்றத்துக்குத் தண்டனை பெற்றால், அதற்காகவே கிரீன் கார்டுக்காரரை நாடு கடத்தலாம் என்று குடியேற்றச் சட்டத்தில் தனியாகவே எழுதியிருக்கிறார்கள். எனவே உங்களுக்கான பதில் அவருக்கான பதிலைவிட நீளமாகத்தான் இருக்கும்.

கிரீன் கார்டு வைத்திருப்பவர் துப்பாக்கி வாங்கலாம், வைத்திருக்கலாம். கூட்டாட்சிச் சட்டத்தில் தடை இல்லை. கடையில் பிஸ்டல் வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். உங்கள் அறைத் தோழர்களின் நிலைமை வேறு. எச்-1பி, எல்-1, எஃப்-1, எச்-4 என்று தற்காலிக விசாவில் இருப்பவர்கள், வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகளுக்குள் வந்தாலொழிய, துப்பாக்கியையோ ஒரே ஒரு தோட்டாவையோகூடத் தம் வசம் வைத்திருக்கக் கூடாது. மீறினால் 15 ஆண்டு வரை சிறை. சுடுதளத்தில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் இதில் அடங்கும். ‘அண்ணா, ஒரு தடவை பிடித்துப் பார்க்கிறேன், போட்டோ எடுங்கள்’ என்று அந்தப் பையன்கள் விளையாட்டாகக் கேட்பார்கள். கொடுக்காதீர்கள். தன் பணத்தைக் கொடுத்து உங்கள் பெயரில் வாங்கித் தரச் சொன்னால் அது இன்னும் பெரிய குற்றம். வாங்கித் தந்தவரும் மாட்டுவார். வீட்டில் துப்பாக்கி இருக்கும்வரை, எண் உங்களுக்கு மட்டுமே தெரிந்த இரும்புப் பெட்டியில்தான் அது இருக்க வேண்டும். மூவரும் நுழையும் கூடத்தின் மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு, ‘அது என்னுடையது மட்டும்’ என்று பிறகு வாதாடிக்கொண்டிருக்க முடியாது.

கடையில் 4473 என்ற படிவத்தை நிரப்பச் சொல்வார்கள். கிரீன் கார்டில் உள்ள ஏலியன் எண்ணை, அதாவது வெளிநாட்டவருக்கான பதிவு எண்ணை, எழுத வேண்டும். ஓட்டுநர் உரிமத்தில் இப்போது குடியிருக்கும் முகவரி இருக்க வேண்டும். அக்கா வீட்டு முகவரியிலேயே விட்டுவைத்திருந்தால் முதலில் மாற்றுங்கள். கஞ்சா பழக்கம் உண்டா என்றும் கேட்பார்கள். மாநிலம் அனுமதித்தாலும் கூட்டாட்சிச் சட்டத்தில் அது தடைதான் என்று படிவமே எச்சரிக்கும். பதில்களை எஃப்பிஐயின் கணினியில் சரிபார்ப்பார்கள். பெரும்பாலும் சில நிமிடங்களில் முடியும், சிலருக்குச் சில நாள் இழுக்கும். குடியேறியவர்களுக்கு இழுப்பது சகஜம், பதற வேண்டாம். படிவத்தில் பொய் மட்டும் எழுதிவிடாதீர்கள்.

இனி பிஸ்டல். ஜி3சி 2020-ல் வந்தது. 9 மி.மீ. தோட்டா, அவற்றை அடுக்கும் மேகசினில் 12. குழல் 3.2 அங்குலம். தோட்டா இல்லாமல் சுமார் 22 அவுன்ஸ், அதாவது 620 கிராமை ஒட்டிய எடை. நிறுவனம் பிரேசில்காரர்களுடையது, அமெரிக்கத் தலைமையகம் ஜார்ஜியா மாநிலத்தில் பெயின்பிரிட்ஜ் ஊரில் இருக்கிறது. இதே வேலைக்குப் பலர் வாங்கும் குளாக் 19, 550 டாலரை ஒட்டி விற்கிறது. அந்த வேறுபாட்டுக்கு எதை இழக்கிறீர்கள்? என் கணிப்பில், விசையின் (டிரிக்கரின்) சீர்மையையும் பெயரின் மீதுள்ள நம்பிக்கையையும். ஜி3சியின் விசை நீளமாகப் பயணம் செய்து பிறகுதான் பிடிக்கும். பழகினால் ஒரு குறையாகத் தெரியாது. குறிபார்க்கும் முனைகள் இரும்பில் செய்தவை. இதற்கு முந்தைய ஜி2சியில் அவை பிளாஸ்டிக். இந்த விலையில் இது நல்ல முன்னேற்றம்.

பெயரின் மீதுள்ள சந்தேகத்துக்குக் காரணம் உண்டு. டாரஸின் பழைய ஒன்பது மாடல்கள் கீழே விழுந்தால் தானாகவே வெடிக்கின்றன என்று வழக்குப் போட்டு, 2015-ல் அது சமரசத்தில் முடிந்தது. சுமார் பத்து லட்சம் பிஸ்டல்கள் அதில் அடங்கின. ஜி3சி அந்த வழக்குக்குப் பிறகு பிறந்தது, பட்டியலில் இல்லை. ஆனால் செகண்ட் ஹேண்டில் 150 டாலருக்கு ‘டாரஸ் மில்லேனியம்’ என்று யாராவது நீட்டினால் தொடாதீர்கள். மில்லேனியத்தின் பழைய பிடி-111 மாடல் அந்தப் பட்டியலில் உள்ளது.

விற்பவர் இரண்டு விஷயங்களைப் பெருமையாகச் சொல்வார். தோட்டா வெடிக்காவிட்டால் விசையை மறுபடி இழுத்தாலே ஊசி அதை மறுபடி தட்டும் என்பது ஒன்று. உண்மைதான். ஆனால் வெடிக்காத தோட்டா இரண்டாம் முறையும் வெடிக்காமல் போகலாம். மேகசினின் அடியைத் தட்டி, மேல்சட்டத்தைப் பின்னிழுத்து, அதை வெளியேற்றிவிட்டு அடுத்ததை ஏற்றத்தான் பயிற்சியாளர்கள் சொல்லித் தருவார்கள். அதையே கைக்குப் பழக்குங்கள். இரண்டாவது, கட்டைவிரலால் தட்டும் சேஃப்டி பூட்டு. பல ஜி3சிகளில் இது உண்டு, இல்லாமலும் விற்கிறார்கள். முதல் முறை துப்பாக்கி வைத்திருப்பவருக்கு மனநிம்மதி தரும். ஆனால் அந்தச் சின்ன நெம்புகோலை, பதற்றத்திலும் தானாகத் தட்டிவிடும் அளவுக்குப் பழகாவிட்டால், தேவைப்படும் நேரத்தில் அது உங்களையே தடுக்கும். ஒன்று, ஒவ்வொரு முறை உருவும்போதும் தட்டிப் பழகுங்கள். முடியாதென்றால் அது இல்லாத மாடலை வாங்குங்கள்.

சிறிய பிஸ்டல் புதியவருக்குச் சுலபம் என்று கடையில் சொல்வார்கள். இது எனக்குக் கோபம் வரவழைக்கும் பேச்சு. எடை குறைந்தால் உதைப்பு கூடும். குழல் குறுகினால் குறி தப்புவது எளிது. மணிக்கட்டைத் தளர்வாகப் பிடித்தால் தோட்டா சிக்கிக்கொள்ளும். மறைக்கச் சுலபம், சுடக் கடினம் என்பதே உண்மை. வாங்கிய உடனே இடுப்பில் சொருகாதீர்கள். சாதாரணப் பயிற்சித் தோட்டாக்கள் 200-க்குக் குறையாமல், பிறகு நீங்கள் நிஜமாக வைத்துக்கொள்ளப்போகும் தோட்டாக்களில் ஐம்பதாவது, சிக்காமல் சுட்டுப் பாருங்கள். எந்த மேகசினில் சிக்குகிறது என்று பார்க்க அவற்றின் அடியில் எண் எழுதி வையுங்கள். பாதுகாப்புக்கு வைப்பது முனை குழிவான தோட்டாவாக இருக்கட்டும். பட்ட இடத்தில் விரிந்து நிற்கும் வாய்ப்பு அதிகம். முழு உறையிட்ட பயிற்சித் தோட்டா ஆளைத் துளைத்துப் பின்னால் நிற்பவர்மேல் பாயக்கூடும். பால் வாங்க வந்தவர் நிற்கும் கடையில் இது சின்ன விஷயமில்லை.

இங்கேதான் பட்ஜெட் கணக்கு உடைகிறது. பயிற்சித் தோட்டா ஒன்று 25 சென்ட் என்று வைத்தாலும் 500-க்கு 125 டாலர். குழிமுனைத் தோட்டா ஒன்று ஒரு டாலரை ஒட்டி. நல்ல ஹோல்ஸ்டர், அதாவது இடுப்பு உறை, 60 டாலர், தடித்த பெல்ட் 40, இரும்புப் பெட்டி 100, உரிம வகுப்பு (ஏன் என்று பிறகு சொல்கிறேன்), உரிமத்துக்கான 40 டாலர் அரசுக் கட்டணம். எல்லாம் கூட்டினால் பிஸ்டலின் விலையை எட்டித் தாண்டும். பிஸ்டலில் சேமித்ததை இவற்றில் போட்டால் 300 டாலர் துப்பாக்கி நல்ல முடிவு. இவற்றையும் சேமிக்க நினைத்தால் மோசமான முடிவு.

ஹோல்ஸ்டரில் கஞ்சத்தனம் வேண்டவே வேண்டாம். எல்லா பிஸ்டலுக்கும் பொருந்தும் என்று விற்கும் பத்து டாலர் துணி உறையில், மடிந்த துணி விசைக்குள் நுழைந்து தொடையில் குண்டு பாய்ந்தவர்கள் இந்த ஊரில் உண்டு. ஜி3சிக்கென்றே வார்த்த, விசைக்காப்பை முழுவதும் மூடும் கைடெக்ஸ் என்ற கெட்டி பிளாஸ்டிக் உறை வாங்குங்கள். திரும்ப வைக்கும்போது கீழே பார்த்து, மெதுவாக வையுங்கள். உருவுவதற்குத்தான் வேகம், வைப்பதற்கு அவசரமே இல்லை. முதல் சில வாரம் தோட்டா இல்லாமல் வீட்டில் மட்டும் அணிந்து பழகுங்கள். குனிந்தால் சட்டை எவ்வளவு ஏறுகிறது, காரில் உட்கார்ந்தால் எங்கே குத்துகிறது என்பதெல்லாம் அப்போது தெரியும். ஹூஸ்டன் வியர்வையில் இரும்பு துருப்பிடிக்கும், பனியனின் பஞ்சு உள்ளே அடையும். வாரம் ஒருமுறை துடையுங்கள். வேட்டி கட்டும் நாளில் வீட்டுப் பெட்டியிலேயே இருக்கட்டும். அந்த எடையை எந்த முடிச்சும் தாங்காது.

உரிமம் வேண்டாம் என்று கூட வேலை பார்ப்பவர் சொன்னது பாதிதான் உண்மை. 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிறைந்த, தடை இல்லாத எவரும் டெக்சஸில் உரிமம் இன்றிப் பிஸ்டல் வைத்துக்கொள்ளலாம். ஆனால் பள்ளியிலிருந்து ஆயிரம் அடிக்குள் துப்பாக்கியோடு போவது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். அந்த மாநிலத்தின் உரிமம் வைத்திருப்பவருக்கு விலக்கு. ஹூஸ்டனில் பள்ளியைக் கடக்காமல் வேலைக்குப் போகும் சாலை எது? கிரீன் கார்டை இதற்காகப் பணயம் வைக்க வேண்டாம். உரிமத்தை எடுங்கள். போலீஸ் காரை நிறுத்தினால் இரண்டு கையும் ஸ்டியரிங்மேல். அடையாள அட்டை கேட்டால் ஓட்டுநர் உரிமத்தோடு துப்பாக்கி உரிமத்தையும் நீட்டுங்கள். துப்பாக்கி இருக்கும் பக்கம் கை போகக் கூடாது.

கடை வாசல்களில் 30.05, 30.06, 30.07 என்ற எண்களோடு பலகை மாட்டியிருந்தால் அது சட்டப்படியான தடை. உரிமம் இல்லாதவருக்கு 30.05, உரிமம் உள்ளவர் மறைத்து வைத்திருந்தால் 30.06, வெளியே தெரிய வைத்திருந்தால் 30.07. மது பரிமாறும் பாரில் சிவப்பில் 51% என்று இருந்தால் துப்பாக்கியோடு நுழையவே கூடாது. பள்ளி, நீதிமன்றம், தபால் நிலையம் மூன்றிலும் பலகையைத் தேட வேண்டியதில்லை, தடைதான். பேர்லண்ட் மீனாட்சி கோயிலுக்கு நான் போகும்போது, பலகை இருக்கிறதா என்று பார்ப்பதே இல்லை. வீட்டில் பூட்டிவிட்டுத்தான் போகிறேன்.

நியூ ஜெர்சியில் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். எடிசனுக்குக் காரில் கிளம்பினால் துப்பாக்கியை எடுக்காதீர்கள். டெக்சஸ் உரிமம் அங்கே செல்லாது. உரிமமின்றிப் பிஸ்டல் வைத்திருப்பது அங்கே ஐந்து முதல் பத்து ஆண்டு சிறைக்குரிய குற்றம். கலிபோர்னியாவும் இல்லினாயும் நியூயார்க்கும் டெக்சஸ் உரிமத்தை ஏற்பதில்லை. இன்னொன்று, ஊருக்குப் போகும்போது. சுடுதளத்துக்குக் கொண்டுபோகும் பையை விமானப் பயணத்துக்கு ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். பையின் ஓரத்தில் மறந்து கிடந்த ஒரு தோட்டாவுக்காக இந்திய விமான நிலையங்களில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்கீழ் வழக்கில் மாட்டிய அமெரிக்கப் பயணிகளின் செய்தி அவ்வப்போது வருகிறது. தோட்டாவுக்கென்று ஒரு பை. அது வீட்டைவிட்டுச் சுடுதளத்துக்கு மட்டுமே போகட்டும்.

குழந்தைகள் வந்தபின் பூட்டு இன்னும் முக்கியம். தோட்டா ஏற்றிய துப்பாக்கியைப் பூட்டாமல் விட்டுவைத்து, அது 17 வயதுக்குக் குறைந்தவர் கைக்குப் போனால் டெக்சஸில் குற்றம். அமெரிக்காவில் துப்பாக்கியால் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தற்கொலை செய்துகொண்டவர்கள். தனிமையில், தூக்கம் கெட்டு, இரவு வேலை பார்க்கும் ஒருவரிடம் இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. மனம் சரியில்லாத காலம் வந்தால் துப்பாக்கியோடு பெட்டியையே அக்கா வீட்டில் கொடுத்துவையுங்கள்.

கடை முதலாளியைக் கேட்டீர்களா? பணியிடத்தில் துப்பாக்கி கூடாது என்று அவர் சொல்லலாம். நிறுத்துமிடத்தில் பூட்டிய காருக்குள் வைத்திருப்பதைப் பொதுவாகத் தடுக்க முடியாது. அனுமதித்தாலும், கல்லாவைத் திறக்கச் சொல்லிப் பணம் கேட்பவனிடம் பணத்தைக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். கையில் ஏற்கெனவே துப்பாக்கியோடு நிற்பவனுக்கு எதிரே சட்டையைத் தூக்கி உருவி ஜெயிப்பது சினிமாவில்தான் நடக்கும். போலீசுக்குக் கொடுக்க கேமரா பதிவு இருக்கிறது, பணம் முதலாளியுடையது.

முதலில் உரிம வகுப்பில் சேருங்கள். எழுத்துப் பகுதியை இணையத்திலும் முடிக்கலாம். சுடும் தேர்வு நேரில்தான். 3, 7, 15 கஜ தூரங்களில் 50 தோட்டா, 70 விழுக்காடு எடுத்தால் தேர்ச்சி. ஜி3சியை வாடகைக்குத் தரும் சுடுதளமாகப் பார்த்து, அதிலேயே தேர்வைச் சுடுங்கள். முதல் முறையில் தேறாவிட்டால் அந்த 300 டாலர் இன்னும் சில மாதம் வங்கியிலேயே இருக்கட்டும்.