டோஸ்கா: பொய்ச் சூடு நிஜமானது எப்படி?

புச்சினியின் 'டோஸ்கா' ஓபராவின் (இசை நாடகத்தின்) கடைசியில், பொய்யாகச் சுடுவார்கள் என்று நாயகி டோஸ்கா நம்பியிருக்க, அவள் காதலன் கவரடோஸி நிஜமாகவே செத்துப்போகிறான். வீரர்கள் தவறுதலாகச் சுட்டுவிட்டார்களா என்று கேட்டீர்கள். இல்லை, தவறுதலாகச் சுடவில்லை. கவரடோஸியைக் கொல்லத்தான் காவல் தலைவன் ஸ்கார்பியா உத்தரவிட்டான். பொய்யாகத்தான் சுடுவார்கள் என்று டோஸ்காவிடம் சொன்னது பச்சைப் பொய்.

நீங்கள் பார்த்த பதிவின் மொழிபெயர்ப்பு வரிகளில் ஒரு பெயர் விடுபட்டிருக்கலாம். இரண்டாம் அங்கத்தில் டோஸ்கா முன்னாலேயே ஸ்கார்பியா தன் ஆள் ஸ்பொலெட்டாவிடம், பால்மியேரி பிரபுவுக்குச் செய்ததுபோல் செய் என்று அழுத்திச் சொல்வான். அதுதான் சங்கேதம். அவளுக்குப் புரியாது, ஸ்பொலெட்டாவுக்குப் புரியும்.

அந்த இடத்தை மறுபடி ஓட்டி, 'பால்மியேரி' என்ற பெயரைக் காதில் வாங்குங்கள். அப்புறம் கடைசிக் காட்சிக்கு வாருங்கள். செத்துக் கிடப்பவனை எழுந்திரு என்று அவள் அவசரப்படுத்துவது நெஞ்சை அறுத்துவிடும். 1900-இல் அரங்கேறியது, இன்னும் ஆறவில்லை.

ஒன்று மட்டும்: அவள் கோட்டை மேலிருந்து குதிக்கும் முடிவைச் சில இயக்குநர்கள் மாற்றிவிடுகிறார்கள். ஒரே மேடையேற்றத்தை வைத்து முடிவுகட்ட வேண்டாம்.