பிசிஎல்11ஏ: வெட்டுவது எதை, விட்டுவைப்பது எதை?

கேள்வி: என் 14 வயது மகனுக்கு பீட்டா தலசீமியா மேஜர் என்ற பிறவி ரத்தக் குறைபாடு. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றுகிறோம். பிசிஎல்11ஏ மரபணுவை கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்த முறையில் வெட்டும் சிகிச்சை வெளிநாட்டில் வந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். ஆனால் அந்த மரபணு மூளைக்கும் நோய் எதிர்ப்புச் செல்களுக்கும் தேவை என்று படித்தேன். ஒன்றைச் சரிசெய்யப் போய் இன்னொன்றைக் கெடுத்துக்கொள்வோமோ?

பதில்: நீங்கள் படித்தது சரிதான். பிசிஎல்11ஏ-வின் இரு பிரதிகளில் ஒன்று பிறவியிலேயே பழுதானால் குழந்தையின் அறிவு வளர்ச்சி பாதிக்கப்படுகிறது. எலிகளில் அதை முழுமையாக நீக்கினால் நோய் எதிர்ப்புச் செல்களில் ஒரு வகையான பி செல்கள் உருவாவதில்லை. ஆனால் இந்தச் சிகிச்சையில் அந்த மரபணு அழிக்கப்படுவதில்லை. 'மரபணுவை வெட்டி' என்று செய்திகள் சுருக்கி எழுதுவதால் வந்த குழப்பம் இது.

பிசிஎல்11ஏ தரும் புரதம் ஒரு படியெடுத்தல் காரணி. அதாவது, டிஎன்ஏ-வில் குறிப்பிட்ட இடத்தில் அமர்ந்து, அருகிலுள்ள மரபணு வேலை செய்யலாமா கூடாதா என்று தீர்மானிப்பது. கருவில் இருக்கும்போது நம் ஹீமோகுளோபினில் பீட்டா சங்கிலிக்குப் பதில் காமா சங்கிலி இருக்கும். பிறந்தபின் பிசிஎல்11ஏ, காமா மரபணுவுக்குச் சுமார் 115 எழுத்துகள் முன்னால் அமர்ந்து அதை அடக்கிவிடுகிறது. உங்கள் மகனுக்குப் பழுது பீட்டாவில்தான். காமா நன்றாகவே இருக்கிறது, வாயடைத்துக் கிடக்கிறது, அவ்வளவுதான்.

சரி, சிவப்பணுவாகப் போகும் செல்லில் பிசிஎல்11ஏ-வை முடுக்கிவிடுவது யார்? காட்டா1 என்ற இன்னொரு காரணி. சிவப்பணு, தட்டணு வழிச் செல்களில் அது ஏராளம். பி செல்களில் அதற்கு வேலையில்லை. ஜி-ஏ-டி-ஏ என்ற எழுத்து வரிசையைக் கண்டால் அது பற்றிக்கொள்ளும். பிசிஎல்11ஏ மரபணுவுக்குள்ளேயே, புரதம் செய்யப் பயன்படாத ஒரு பகுதியில், அப்படி ஓர் இடம் இருக்கிறது. பாஸ்டனில் ஸ்டூவர்ட் ஆர்க்கின், டேனியல் பவர் குழுவினர் இந்த முடுக்கிப் பகுதியை 2013இல் வெளியிட்டனர். கிரிஸ்பர் சிதைப்பது காட்டா1 பற்றும் அந்தச் சிறு இடத்தை மட்டுமே. புரதத்துக்கான பகுதி அப்படியே இருக்கிறது.

கிரிஸ்பரால் திருத்துவது ரத்த அணுக்களுக்கெல்லாம் மூலமான ஸ்டெம் செல்லை. அதிலிருந்து சிவப்பணுவும் பிறக்கும், பி செல்லும் பிறக்கும். வெட்டு இரண்டிலும் இருக்கும். சிவப்பணு வழியில் பிசிஎல்11ஏ குறைந்து காமா விழித்துக்கொள்ளும். பி செல் அந்த முடுக்கியை நம்பி இல்லாததால், தன் பிசிஎல்11ஏ-வை வழக்கம்போல் செய்துகொள்ளும். இவ்வளவு நுணுக்கமான குறி மருத்துவத்தில் அபூர்வம் என்பேன். மூளையைப் பற்றிய அச்சம் வேண்டாம்: செல்களை உடலுக்கு வெளியே எடுத்துத்தான் திருத்துகிறார்கள்.

காஸ்கெவி என்ற இந்தச் சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டனும், தலசீமியாவுக்காக 2024 ஜனவரியில் அமெரிக்காவும், 12 வயதும் அதற்கு மேலும் ஆனோருக்கு அனுமதி தந்தன. அமெரிக்க அனுமதிக்கு அடிப்படையான ஆய்வில், மதிப்பிடப்பட்ட 35 பேரில் 32 பேர் குறைந்தது ஓராண்டு ரத்தம் ஏற்றாமல் இருந்தனர்.

நீங்கள் கவலைப்பட வேண்டிய இடம் வேறு. திருத்திய செல்களைச் செலுத்துமுன் புசல்ஃபான் என்ற கடும் மருந்தால் எலும்பு மஜ்ஜையைக் காலி செய்வார்கள். சில வாரங்கள் தொற்று அபாயம் அதிகம். பிற்காலத்தில் குழந்தைப்பேறும் பாதிக்கப்படலாம். பருவமடைந்த பையன் என்றால் விந்தணுவைச் சேமிப்பது பற்றி முன்பே கேட்டுவிடுங்கள். அமெரிக்காவில் அறிவித்த விலை 22 லட்சம் டாலர்!

ஆகவே முதலில் உடன்பிறந்தவர்களுக்கு எச்எல்ஏ பொருத்தம், அதாவது திசுப் பொருத்தம், பாருங்கள். பொருந்தினால் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையே நடைமுறைக்கு உகந்த வழி; அதிலும் இதுபோன்ற கடும் மருந்துகள் உண்டு என்பதை அறிந்தே முடிவெடுங்கள். எந்த வழியானாலும், அடிக்கடி ரத்தம் ஏற்றுவதால் உடலில் சேரும் இரும்பை வெளியேற்றும் மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் விடாதீர்கள். கல்லீரலில் இரும்பு மிகுந்தால் இரண்டு சிகிச்சைகளிலுமே ஆபத்து கூடும்.