மேசையை வெளியே தூக்கி வையுங்கள்

கேள்வி: நாங்கள் ஏழு பேர், கிளிநொச்சி. உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும் படித்த காலத்திலிருந்து ஒன்றாக இயங்குகிறோம். இம்முறை மேடை இல்லாமல், ஒரு நடிகர், அவருக்கு எதிரே ஒரேயொரு பார்வையாளர், பதினைந்து நிமிடம் என்று ஓர் ஆற்றுகை செய்ய விரும்பினோம். பரந்தன் பக்கம் ஆளில்லாத வீடு ஒன்று கிடைத்தது. ஒரு மேசை, இரண்டு கதிரை, ஒரு விளக்கு. "நீங்கள் தொலைத்த ஒரு பொருளைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று நடிகர் கேட்பார். பதில்களைப் போனில் பதிவு செய்து, பிறகு சேர்த்து ஒரு படைப்பாக்குவது திட்டம். ஒத்திகைக்கு அயலில் இருக்கும் ஓர் அம்மாவைக் கூப்பிட்டோம். அவர் பையிலிருந்து மகனின் படத்தை எடுத்து மேசையில் வைத்து, பெயர், பிறந்த திகதி, கடைசியாகக் கண்ட இடம் என்று ஒழுங்காகச் சொல்லத் தொடங்கிவிட்டார். பிறகு அழுதார். நடித்த தங்கச்சியும் அழுதுவிட்டாள். இரண்டு பேர் இதோடு நிறுத்துவோம் என்கிறார்கள். மற்றவர்கள் இதுதான் வெற்றி என்கிறார்கள். இன்னொன்று: ஒருவர் மட்டும் உள்ளே நடிக்கும் ஒன்றை ஏழு பேர் சேர்ந்து எப்படி உருவாக்குவது? மிச்ச ஆறு பேருக்கும் என்ன வேலை?

பதில்: பிள்ளைகளே, நிறுத்தச் சொல்லும் இரண்டு பேர் சொல்வதுதான் சரி. ஆனால் முழுவதையும் கைவிடத் தேவையில்லை. மேசை, கேள்வி, போன் மூன்றையும் வெளியே எடுத்துவிட்டுத் தொடருங்கள்.

அந்த அம்மா ஓர் ஆற்றுகைக்கு வந்திருக்கிறோம் என்று நினைத்து அங்கே இருக்கவில்லை. 2010இல், போர் முடிந்த பிறகு அரசு அமைத்த நல்லிணக்க ஆணைக்குழு வந்தபோது, காணாமற்போன பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல இங்குள்ள தாய்மார் இப்படித்தான் ஒரு மேசைக்கு முன்னால் போய் இருந்தார்கள். அதற்குப் பிறகு காணாமற்போனோர் பற்றி விசாரிக்க இன்னோர் ஆணைக்குழு, 2018இல் இருந்து அதற்கென்றே ஓர் அலுவலகம். நடுவில் தொண்டு நிறுவனக்காரர், ஆய்வு மாணவர், கமெராவோடு வந்தவர். கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரியில் உறவினர்கள் படங்களோடு போராட்டமாகக் குந்தியது, அந்த அலுவலகத்துக்கு முந்திய மேசைகளுக்கெல்லாம் சொல்லி முடித்த பிறகுதான். பெயர், திகதி, கடைசியாகக் கண்ட இடம் என்ற அந்த ஒழுங்கு படிவங்கள் பழக்கிவிட்ட ஒழுங்கு. நீங்களும் எதிரே கதிரை போட்டு, விளக்கு வைத்து, 'தொலைத்தது என்ன' என்று கேட்டால் அவர் வேறு எதைச் சொல்லுவார்?

மற்றவர்கள் சொல்லும் 'வெற்றி'யைப் பற்றியும் ஒரு வார்த்தை. வன்னியில் ஒரு தாயை அழவைக்க நாடகம் படித்திருக்கத் தேவையில்லை.

வெளிநாட்டு உதாரணங்களைப் பார்த்துத்தான் மேசையைப் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். 2010இல் நியூயோர்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் மார்ச் முதல் மே வரை மரீனா அப்ரமோவிச் என்ற ஆற்றுகைக் கலைஞர் ஒரு கதிரையில் அமர்ந்திருந்தார். வந்தவர்கள் ஒவ்வொருவராக எதிரே இருந்து அவரைப் பேசாமல் பார்த்தார்கள். அங்கேயும் தொடக்கத்தில் நடுவில் ஒரு மேசை இருந்தது, போகப் போக அவரே அதை எடுத்துவிட்டார். அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை என்பதையும் கவனியுங்கள். ஆனால் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டு இருப்பதும் எங்கள் ஊருக்குச் சரிவராது. வயதான ஒருவரைப் பதினைந்து நிமிடம் கண் வாங்காமல் பார்ப்பது இங்கே மரியாதைக் குறைவு.

பாயை விரியுங்கள், அல்லது விறாந்தைக் குந்தில் பக்கத்துப் பக்கத்தில் இருங்கள். கைக்கு ஒரு வேலை வேண்டும். ஒரு சுளகில் கச்சான் போட்டு இருவரும் உடைக்கலாம். கை வேலை செய்யும்போது கண்ணுக்கு இருக்க ஓர் இடம் கிடைக்கும். பேச்சு வந்தால் வரும், வராவிட்டாலும் பதினைந்து நிமிடம் வீணாகாது. நடிகர் முதலில் தன்னுடைய ஏதோவொன்றைச் சொல்லட்டும், இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். கேள்விக்குறியோடு முடியும் ஒரு வசனமும் உங்கள் ஆற்றுகையில் இருக்கக் கூடாது. எழும்பிப் போக விரும்பினால் சுளகைத் தள்ளி வைத்தால் போதும், காரணம் சொல்லத் தேவையில்லை என்று வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.

எங்களிடம் ஒருவருக்கு ஒருவர் என்ற முறை இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கட்டுச் சொல்பவருக்கு முன்னால் தனியே இருந்திருக்கிறோம், நாவூறு கழிக்கப் பிள்ளையை மடியில் வைத்திருந்திருக்கிறோம், மடுப் பக்கத்துச் சனம் பாவசங்கீர்த்தனத்துக்கு முழந்தாளிட்டிருக்கிறது. இருக்கும் தூரம், குரலின் அளவு, எப்போது முடிகிறது என்பதை அங்கே போய்ப் படியுங்கள். சடங்கை அப்படியே எடுத்து நடிக்க வேண்டாம். அதை நம்பி வருபவர் இருக்கிறார்.

இனி ஏழு பேர் விஷயம். சுற்றி இருந்து பிரதி எழுதத் தொடங்கினால் ஏழு கருத்தும் சண்டை பிடிக்கும், கடைசியில் உரத்துப் பேசுபவரின் கருத்து வெல்லும். ஒத்திகையை ஐந்து பேர் சுற்றி நின்று பார்த்தாலும் பயனில்லை, பார்த்த உடனே அது சின்ன மேடையாகிவிடும். ஆகவே இருவர் மட்டும் உள்ளே போங்கள். யோசனை யாருடையதோ அவர் நடிக்கக் கூடாது, விருந்தாளியாக இருக்க வேண்டும். தன் யோசனைக்குள் தானே அகப்பட்டுப் பார்த்தால் பாதிப் பிடிவாதம் கரைந்துவிடும். வெளியே வந்ததும் முதலில் விருந்தாளி மட்டும் பேசட்டும்: எந்த இடத்தில் எழும்ப வேண்டும் போல இருந்தது, கை என்ன செய்தது, எதைச் சொல்லப் பயமாக இருந்தது. 'நல்லா இருந்தது' என்ற சொல்லைத் தடை செய்யுங்கள். ஒருவர் கொப்பியில் எழுதட்டும். பிறகு ஆளை மாற்றுங்கள். ஏழு பேரும் இரண்டு பக்கமும் இருந்து முடித்த பிறகு கொப்பியைப் பாருங்கள். எல்லோருக்கும் வேலை செய்த இடங்கள்தான் உங்கள் பிரதி. அதற்குப் பிறகுதான் வெளி ஆள், அதுவும் முதலில் துக்கம் சுமக்காத ஒருவர்.

ஆற்றுகை நாளில் ஆறு பேருக்கும் கைநிறைய வேலை இருக்கிறது. பதினைந்து நிமிடம், அடுத்து நடிகர் மூச்சு விட இன்னொரு பதினைந்து. மணித்தியாலத்துக்கு இரண்டு பேர்தான். ஒரு நடிகர் ஒரு நாளில் நான்கு பேருக்கு மேல் பார்க்க வேண்டாம். பிறகு அடுத்தவர் மாறட்டும். வாசலில் ஒருவர், நேரம் பார்க்க ஒருவர், காத்திருப்பவரோடு கதைக்க ஒருவர். மிக முக்கியமானவர், முடிந்து வெளியே வருபவருக்குப் பிளேன்ரீ கொடுத்து அவர் போகும்வரை கூட இருப்பவர். குழுவில் பொறுமை கூடியவரை அந்த இடத்துக்குப் போடுங்கள். நல்ல நடிகராக இருந்தாலும் சரி.

உள்ளே கேட்டது உள்ளேயே இருக்க வேண்டும். 2009இல் எடின்பரோ விழாவில் பெல்ஜியத்தின் கென்ற் நகரக் குழு ஒன்று ஐந்து நடிகர், ஐந்து பார்வையாளர் என்று இணை இணையாகப் பேசவைத்தது. தனியே சொன்னவற்றைப் பிறகு எல்லோரும் கூடிய வட்டத்தில் நடிகர்கள் எடுத்துப் போட்டார்கள். அதுதான் அந்தப் படைப்பின் நோக்கம், ஆனால் நம்பிக்கைத் துரோகம் என்று உணர்ந்தவர்களும் இருந்தார்கள். அங்கே அது விவாதமாகி முடிந்துவிடும். இங்கே வெளியே போன ஒரு வசனம் யார் யார் காதுக்குப் போகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. இரவில் குழுவாக இருந்து கதைக்கும்போதும் நடிகர் தனக்கு நடந்ததை மட்டும் சொல்லட்டும், வந்தவர் சொன்னதை அல்ல. அந்த அம்மாவின் பதிவு இன்னும் போனில் இருக்கிறதா? வீட்டுக்குப் போய், அவர் கண் முன்னால் அழித்துவிடுங்கள். அவர் வைத்திருக்கச் சொன்னால் அவருக்கே அனுப்பிவிட்டு அழியுங்கள்.

கதவைப் பூட்ட வேண்டாம். பெடியனும் பெட்டையும் தனி அறையில் என்று ஊர் கதைத்தால் அடுத்த கிழமை ஒருவரும் வரமாட்டார்கள். விறாந்தையில் இருந்து பார்த்தால் ஆள் தெரிய வேண்டும், பேச்சுக் கேட்கக் கூடாது; அந்த அளவைத் திறந்த கதவோடு கண்டுபிடியுங்கள். கிராம சேவையாளருக்கும் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கும் என்ன செய்கிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சிவில் உடையில் யாராவது வந்து விசாரித்தால் பதில் சொல்ல ஒரே ஆளை வையுங்கள், அவரிடம் பெயர்ப் பட்டியல் எதுவும் இருக்கக் கூடாது.

காலத்தையும் பாருங்கள். மாசி பங்குனியில் காலபோக அறுவடை, சனம் வயலில். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல், மே மாதத்தில் 18ஆம் திகதி முள்ளிவாய்க்கால் நினைவு நாள். அந்த நாட்களுக்குக் கிட்டவும் போக வேண்டாம். ஆனியில், வெயில் தணிந்து நான்கு மணிக்குப் பிறகு வையுங்கள்.